ரெவிட்ல செக்பாக்ஸ் ஃபார்ம் போட பைரெவிட் எப்படி? யூஸ் பண்றவன் ரிவ்யூ

ரெவிட்ல (பில்டிங்கை 3டி மாடலா வரையிற சாஃப்ட்வேர்) வேலையை தானா செய்ய வைக்க ஸ்கிரிப்ட் எழுதுறவங்களுக்கு ஒரு கட்டத்துல இந்த தேவை கண்டிப்பா வந்துடும். ஸ்கிரிப்ட் நல்லா ஓடுது, ஆனா எந்தெந்த ஷீட்டுக்கு (வரைபடத் தாள்) ஓடணும், எந்த லெவலுக்கு (மாடி மட்டம்) ஓடணும்னு டீம்ல இருக்கிறவங்களே டிக் பண்ணிக்கிற மாதிரி ஒரு விண்டோ வேணும். கோடுக்குள்ள போய் பேரை மாத்திக்கோங்கன்னு மாடலிங் பண்றவங்ககிட்ட சொல்றது சரியே இல்ல, அவங்க வேலை அது கிடையாது.

மொதல்ல எல்லாரும் டைனமோ (நோடுன்னு சொல்ற பெட்டிகளை கோடு போட்டு இணைச்சு ஸ்கிரிப்ட் செய்யிற டூல்) பக்கம்தான் போவாங்க, 2020ல இருந்து ரெவிட் கூடவே இன்ஸ்டால் ஆகி வந்துடுதுல்ல. ஒண்ணு ரெண்டு ஆமா-இல்லை கேள்வின்னா டைனமோ ஸ்கிரிப்டை பட்டன் அழுத்தி ஓட்டுற டைனமோ பிளேயரே போதும், ஒரு பூலியன் (ஆமா/இல்லை) நோடை இன்புட்னு மார்க் பண்ணா முடிஞ்சுது. ஆனா மாடல்ல இருக்கிற எல்லா ஷீட்டையும் லிஸ்ட்டா காட்டி பக்கத்துல டிக் பாக்ஸ் வைக்கணும்னா டேட்டா-ஷேப்ஸ்னு டைனமோவுக்கான ஒரு கூடுதல் பேக்கேஜ் போடணும். அது நல்ல பேக்கேஜ்தான், நோடை இழுத்து கனெக்ட் பண்ணாலே ஃபார்ம் ரெடி, கோடே தெரியாதவங்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஒரே விஷயம், அது பழைய அயர்ன்பைத்தான் 2.7ல (பைத்தான் மொழியோட ஒரு வகை) எழுதினது, புது ரெவிட் வெர்ஷன்ல அந்த இன்ஜினை தனி பேக்கேஜா போட்டாதான் ஓடும், அதையும் ஆபீஸ்ல ஒவ்வொரு சிஸ்டமா பாத்து பாத்து போடணும்.

நான் இப்ப முழுக்க பைரெவிட்தான். எஹ்சான் ஈரான்-நெஜாத் ஆரம்பிச்ச, ரெவிட்டுக்குள்ள பைத்தான் ஸ்கிரிப்ட் ஓட்டுற ஓப்பன் சோர்ஸ் டூல், காசு கிடையாது, அட்மின் பாஸ்வேர்ட் இல்லாம போடுற இன்ஸ்டாலரும் தனியா இருக்கு, ஐடி டீமுக்கு டிக்கெட் போட்டுட்டு காத்திருக்க வேண்டாம். இதுல ஃபார்ம்ஸ்னு ஒரு மாட்யூல், அதுல செலக்ட்ஃப்ரம்லிஸ்ட்னு ஒண்ணு. லிஸ்ட்டை குடுத்து மல்டிசெலக்ட் (ஒண்ணுக்கு மேல தேர்ந்தெடுக்கிறது) ட்ரூன்னு போட்டா ஒரே வரியில செக்பாக்ஸ் விண்டோ வந்து நிக்கும்.

அந்த விண்டோவை பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா எனக்கு இது புடிச்சதுக்கு காரணமே அதுதான். மேல சர்ச் பாக்ஸ் இருக்கு, அதுல ஷீட் நம்பரோட ஆரம்பத்தை அடிச்சா லிஸ்ட் சுருங்கிடும், அப்ப 'செக் ஆல்' அழுத்தினா கண்ணுக்கு தெரியிற ஷீட்டுக்கு மட்டும்தான் டிக் விழும், மறைஞ்சு கிடக்கிறதை தொடாது. சர்ச்சை அழிச்சுட்டு வேற நம்பர் அடிச்சாலும் முன்னாடி போட்ட டிக் அப்படியே இருக்கும். அதே மாதிரி ஷிஃப்ட் புடிச்சு ஒரு பத்து வரியை செலக்ட் பண்ணி ஒண்ணுல டிக் பண்ணா பத்துலயும் விழும். நூத்துக்கணக்குல ஷீட் இருக்கிற ஹாஸ்பிடல் மாதிரி ப்ராஜெக்ட்ல உக்காந்து பாருங்க, இதோட அருமை அப்ப தெரியும். இவ்வளவும் நாமளே விண்டோ டிசைன் பண்ணி எழுதுறதுன்னா நாள் கணக்குல ஆகும்.

எழுதும்போது ரெண்டு விஷயம் மறக்காதீங்க. லிஸ்ட்ல பேர் மட்டும் காட்டாதீங்க, ஒரே பேர்ல நாலு ஷீட் இருக்கும், டெம்ப்ளேட்லிஸ்ட்ஐட்டம்னு ஒரு கிளாஸ் இருக்கு, அதை வச்சு நம்பரும் பேரும் சேந்து வர மாதிரி மூணு நாலு வரி எழுதிடுங்க. இன்னொண்ணு, யாராவது எக்ஸ் அழுத்தி மூடிட்டா 'நன்' (None, அதாவது எதுவும் இல்லை)னுதான் திரும்பி வரும், அதை செக் பண்ணி ஸ்கிரிப்டை நிறுத்தலன்னா சிவப்பா எரர் விண்டோ வந்து யூஸ் பண்றவங்க பயந்துடுவாங்க.

குறைன்னா, இது ஒரே ஒரு லிஸ்ட்தான். டிக்கும் வேணும், ட்ராப்டவுனும் வேணும், டைப் பண்ண ஒரு டெக்ஸ்ட் பாக்ஸும் வேணும்னா எல்லாத்தையும் ஒரே விண்டோல அடுக்குற ஃப்ளெக்ஸ்ஃபார்ம் பக்கம் போகணும், ஆர்பிடபிள்யூ (rpw)ன்னு ஒரு லைப்ரரியில இருக்கு, பைரெவிட் கூடவே வருது. நாலஞ்சு செக்பாக்ஸ் வரைக்கும் ஓகே, அதுக்கு மேல அடுக்கினா விண்டோ கீழ நீண்டுக்கிட்டே போகும், பாக்கவும் பழைய காலத்து டிசைன். அதுவும் பத்தலன்னா சாமல் (XAML, விண்டோ டிசைனை எழுதுற மொழி) ஃபைல் எழுதி சொந்தமா விண்டோ செய்யலாம், பைரெவிட் அதுக்கும் வழி வச்சிருக்கு, ஆனா அது கொஞ்சம் படிச்சு கத்துக்கிட்டு வர வேண்டிய சமாச்சாரம்.

அப்புறம் இது எந்த டூலா இருந்தாலும் பொருந்தும், தயவுசெஞ்சு கவனிங்க. ரெவிட்ல ஆமா-இல்லை பாராமீட்டருக்கு (கதவு மாதிரி ஒரு பொருளோட விவரத்தை டிக் போட்டு குறிக்கிற கட்டம்) உண்மையில மூணு நிலை இருக்கு, டிக் பண்ணது, எடுத்தது, யாருமே தொடாதது. தொடாததை ப்ராப்பர்ட்டிஸ்ல சாம்பல் கலர்ல காட்டும். நம்ம ஃபார்ம்ல அது வெறும் காலி பாக்ஸா வந்துடும், ஓகே அழுத்தினதும் ஸ்கிரிப்ட் காலியா இருந்த எல்லாத்துலயும் 0 (இல்லை)ன்னு எழுதிட்டா, 'இன்னும் பாக்கல'ன்னு இருந்த கதவெல்லாம் 'பாத்தாச்சு, இல்ல'ன்னு மாறிடும். ஃபயர் டோர் செக்லிஸ்ட்ல இது சின்ன விஷயம் இல்ல. அதனால ஹேஸ்வேல்யூ (மதிப்பு ஏதாவது போட்டிருக்கான்னு சொல்றது) பாத்து, தொடாதது எல்லாத்தையும் தனி லிஸ்ட்டா காட்டுங்க, இல்லன்னா யூஸ் பண்றவங்க மாத்தினதை மட்டும் எழுதுங்க.

பைரெவிட்டுக்கு என் மார்க் அஞ்சுக்கு நாலரை, அந்த அரை ஃப்ளெக்ஸ்ஃபார்முக்காக குறைச்சது. ரெவிட் எல்டி (வசதி குறைச்ச வெர்ஷன்) வச்சிருக்கவங்க இன்ஸ்டால் பண்ண முயற்சி பண்ணாதீங்க, எல்டில ஆட்-இன் எதுவுமே ஓடாது. 2025 வெர்ஷனுக்கு போறவங்க பழைய பைரெவிட்டோட போகாதீங்க, அந்த ரெவிட் டாட்நெட் 8க்கு (அது ஓடுறதுக்கு அடியில இருக்கிற மைக்ரோசாஃப்ட் தளம்) மாறிடுச்சு, அதை சப்போர்ட் பண்ற புது ரிலீஸா பாத்து இறக்கிக்கோங்க.