சிவப்புக் கோட்டுச் சிப்பாய்: ஆறு வருடம், மூன்று பொம்மை, மூன்று சிவப்பு

முதல் பொம்மைச் சிப்பாயைத் தீட்டி முடித்து ஆறு வருடம் ஆகிறது. 1815-ல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில் நின்ற பிரிட்டிஷ் 33-ஆம் காலாட்படையின் சாதாரணச் சிப்பாய், 75 மில்லிமீட்டர், வெள்ளை உலோக வார்ப்பு. அதன்பிறகு அதே வார்ப்பை இன்னும் இரண்டு முறை வாங்கி வர்ணம் தீட்டினேன். ஒரே பொம்மையில் அப்படி என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். மூன்றையும் அலமாரியில் வரிசையாக நிறுத்தினால் விஷயம் புரிந்துவிடும். மூன்றும் மூன்று சிவப்பு. அதிலும் முதல் ஆளின் கோட்டில் இன்றைக்கு இருப்பது நான் தீட்டிய சிவப்பே இல்லை.

33-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு வீரமான காரணம் எதுவும் கிடையாது. பிரிட்டிஷ் காலாட்படையில் காலருக்கும் கைமடிப்புக்கும் படைக்குப் படை நிறம் மாறும். 44-க்கு மஞ்சள், 73-க்குக் கரும்பச்சை, 33-க்குக் கோட்டின் அதே சிவப்பு. ஒரு நிறம் மிச்சம் என்று நினைத்தேன். தப்புக் கணக்கு. சிவப்பின் மேல் சிவப்பு என்றால், கைமடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை நிழல் கோட்டால்தான் காட்ட வேண்டும். மஞ்சளாக இருந்திருந்தால் நிறமே காட்டிக் கொடுத்திருக்கும்.

ஆரம்ப வேலைகள் அலுப்பானவை, சீக்கிரம் கடந்துவிடுகிறேன். அச்சுக் கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டி, ஊசி அரம் போட்டு, 600, பிறகு 1000 எண் உப்புத்தாள். பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு குளியல். கைகளுக்கு 1 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகி ஒட்டுவது. துப்பாக்கியையும் முதுகுப்பையையும் மட்டும் கடைசிவரை ஒட்டாமல் தனியாகத் தீட்டுங்கள். ஒட்டிவிட்டால் மார்புப் பட்டையின் பாதிக்குத் தூரிகை போகாது. வெள்ளை உலோகத்தில் ஈயம் கலந்திருக்கலாம், அதனால் அரத்தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் எனக்கு இரண்டு வருடம் இருந்தது. காட்மியம் டியூப்பின் எச்சரிக்கையை ஒருநாள் சாவகாசமாகப் படித்தேன், அன்றோடு போயிற்று.

பிரைமர், அதாவது வர்ணம் பிடிக்க அடியில் போடும் பூச்சு, முழுக்கச் சாம்பல் நிறம், அதன்மேல் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை. வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்பதை அதுவே வரைந்து கொடுத்துவிடும். அந்த நிலையில் நாலு பக்கமும் படம் எடுத்து வைப்பேன், பின்னால் குழம்பும்போது உதவும். இரண்டாவது சிப்பாய்க்கு மழைநாளில் ஸ்ப்ரே அடித்தேன். மணல் தூவினது போல் வந்தது. எல்லாவற்றையும் கரைத்துவிட்டு முதலிலிருந்து.

தீட்டும் வரிசை உள்ளேயிருந்து வெளியே: முதலில் முகம், பிறகு கோட்டு, அதன்மேல் பட்டைகள், கடைசியில் உலோகம். முகத்தை முதலில் முடிப்பதில் ஒரு சுயநலமும் உண்டு. முகம் சரியாக வந்துவிட்டால் மீதி நாற்பது மணி நேரமும் பொம்மை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்; பாதியில் விட்டுவிட மனசு வராது. கண்ணுக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், பேய் முழி வந்துவிடும். வெள்ளையில் கொஞ்சம் தோல் நிறம் கலந்து, கருவிழியைச் சற்றே பக்கவாட்டில் வைத்து, மேல் இமையை அடர்பழுப்புக் கோட்டால் மூடினால் போதும். தாடையில் மெல்லிய சாம்பல் நீலம், இரண்டு நாள் சவரம் செய்யாத ஆளாகிவிடுவார்.

இனி கோட்டு. இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்து அதிகாரியின் கோட்டும் சிப்பாயின் கோட்டும் ஒரே சிவப்பு அல்ல. அதிகாரிக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயம், பளிச்சென்ற செந்நிறம். சிப்பாய்க்கு மலிவான வேர்ச்சாயம், நம்முடைய மஞ்சிட்டிக்கு உறவான மேடர் செடியின் வேர். அது செங்கல் பக்கம் சாய்ந்த மங்கல் சிவப்பு. முதல் பொம்மைக்கு இது தெரியாமல் பாட்டிலில் இருந்த பளிச் சிவப்பை அப்படியே பூசினேன், அதிகாரியின் கோட்டைத் திருடிப் போட்டுக்கொண்ட ஆள் போல ஆனார். இப்போது அக்ரிலிக் சிவப்பில் ஆறில் ஒரு பங்கு செம்பழுப்பு கலந்து அடித்தளம் போடுகிறேன். பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மூன்று மெல்லிய பூச்சு.

சிவப்பை வெளிச்சமாக்க வெள்ளை சேர்த்தால் ரோஜாப்பூ நிறம் வந்து நிற்கும். ஆரஞ்சும் தோல் நிறமும்தான் வழி, அதையும் தோள், முழங்கை, மடிப்பின் முகடு என்று கஞ்சத்தனமாக வைக்க வேண்டும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், செத்துப்போகும். சிவப்போடு துளி அடர்பச்சை சேர்த்துப் பாருங்கள், ஒன்றையொன்று அடித்து ஆழமான பழுப்பு கிடைக்கும்.

அக்ரிலிக் ஒரு நாள் நன்றாகக் காய்ந்தபின் மடிப்புகளை ஆயில் பெயின்ட்டால் மென்மையாக்குவேன். ஈரத்தோடு ஈரமாக இழைத்துக்கொண்டு போகலாம், பிடிக்கவில்லையென்றால் ஆயில் பெயின்ட்டைக் கரைக்கும் வொயிட் ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் துடைத்துவிடலாம், கீழே இருப்பது அசையாது. டியூப்பிலிருந்து முதலில் அட்டைத்துண்டில் பிதுக்கி அரைமணி நேரம் விடுங்கள். அட்டை எண்ணெயைக் குடித்துவிடும், காய்ந்தபின் பளபளப்பு குறையும்.

முதல் சிப்பாயின் நிழல்களுக்கு நான் வைத்தது அலிசரின் கிரிம்சன். கண்ணாடி போன்ற, ஆழமான, பார்த்தவுடன் மயக்குகிற சிவப்பு. முடித்த அன்று அந்தக் கோட்டை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மூன்றாம் வருடம் பார்த்தால் மடிப்புகளில் நிழலைக் காணோம். ஜன்னல் பக்கம் இருந்த இடது தோளில் ஆரஞ்சு மட்டும் மிஞ்சியிருந்தது. சுவர்ப் பக்கம் இருந்த வலது தோள் பரவாயில்லை. டியூப்பின் பின்பக்கத்தில் பிஆர் 83 என்ற நிறமி எண் சின்ன எழுத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வெளிச்சத்தில் வெளுக்கிற நிறமி அது, கிளேஸாக, அதாவது அடிநிறம் தெரியும்படி மெல்லிசாகப் போட்டால் இன்னும் சீக்கிரம் போகும். மேடர் வேரில் சிவப்பைக் கொடுக்கும் பொருளும் இதே அலிசரின்தான், 1868-லேயே அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். ஆக, தெரியாத்தனமாகச் சரித்திரப்படி மிகச் சரியான சாயத்தைத்தான் போட்டிருக்கிறேன், கோட்டும் படையெடுப்பில் வெயில் தின்ற கோட்டு மாதிரியே வெளுத்திருக்கிறது! இந்தச் சமாதானம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் குவினாக்ரிடோன் என்ற நிறமி, டியூப்பில் பிவி 19 என்று இருக்கும். "பெர்மனென்ட் அலிசரின்" என்ற பெயரிலும் வரும், ஆனால் பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். இரண்டையும் ஒரு அட்டையில் பட்டையாகப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, எட்டு மாதம் ஜன்னலில் வைத்தேன். குவினாக்ரிடோனில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அலிசரினில் தாளின் விளிம்பு கோடு போட்டது போல் நின்றது.

மார்பில் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டைகள் அடுத்த கண்டம். அவை களிமண் பூசி வெளுப்பாக்கிய தோல். வெளிர்சாம்பலில் தொடங்கி, தந்த நிறம் ஏற்றி, சுத்த வெள்ளையை மேல் விளிம்பில் மட்டும் இழுங்கள். பட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே மயிரிழை அளவு அடர்பழுப்புக் கோடு போட்டால் பட்டை எழுந்து நிற்கும். துப்பாக்கிக் குழலைக் கறுப்பாக்கிவிடாதீர்கள், அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படைத் துப்பாக்கியின் குழல் மினுக்கித் தேய்த்த இரும்பு. போருக்கு முந்தைய நாள் ஜூன் 17 மதியத்திலிருந்து இரவெல்லாம் மழை, அதனால் சாம்பல் கால்சட்டையில் முழங்காலுக்குக் கீழே சேறு தாராளமாக இருக்கலாம். என் பிழைகள் பாதியை அந்தச் சேறு மறைத்திருக்கிறது.

கடைசியில் அடிக்கும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷில் எச்சரிக்கை. அடியில் தங்கும் வெள்ளைப் பொடியைச் சரியாகக் கலக்காமல் அடித்தால் பொம்மை பனி மூடியது போலாகும். எனக்கு ஆனது. பளபள வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்ததும் மூட்டம் மறைந்தது, பிறகு நன்றாகக் குலுக்கி மறுபடி மேட்.

கருவிகளில் ஆறு வருடத்தில் நிலைத்தவை சில. கோலின்ஸ்கி தூரிகை, எண் 1. சைபீரிய மரநாய் வகை ஒன்றின் வால் மயிர், விலை உறைக்கும். ஆனால் வேலை முடிந்ததும் சோப்பில் கழுவி வைத்ததில் ஒன்று மூன்றரை வருடம் நுனி மாறாமல் உழைத்தது. செயற்கை மயிர்த் தூரிகைகள் சில வாரத்தில் கொக்கி போல் வளைந்துவிடுகின்றன, உலோக நிறத்துக்கும் சேற்றுக்கும் அவை போதும். 000 எண்ணை நான் தொடுவதே இல்லை, கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் வர்ணம் காய்ந்துவிடும். வர்ணத்தைக் காயாமல் வைக்கும் வெட் பேலட் இல்லாமல் இனி முடியாது: ஒரு தட்டு, ஈர ஸ்பாஞ்சு, மேலே பேக்கிங் தாள். வாரம் ஒருமுறை ஸ்பாஞ்சைக் கழுவாவிட்டால் நாறும்.

கடைசியாக அலமாரி. மரப்பெட்டியில், அதிலும் ஓக்கில், மூடி வைத்தால் மரம் விடும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். முதல் சிப்பாயின் பூட்ஸ் அடியில் அந்தப் பொடியைப் பார்த்த அன்றே மூவரையும் கண்ணாடியும் உலோகமுமான அலமாரிக்கு மாற்றினேன், ஜன்னல் இல்லாத சுவரில். நாலாவது வார்ப்பு மேஜைமேல் பிரைமரோடு நிற்கிறது. இந்த முறை 44, மஞ்சள் கைமடிப்பு.