சோத்தவிளை மணலும் நாலு சின்ன கேமராக்களும்

2016 மே மாதம், சோத்தவிளைக் கடற்கரை. அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் அலையில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கேமராவை ஆன் செய்தேன். லென்ஸ் பாதி நீண்டு, அரிசியில் கல் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. திரையில் 'லென்ஸ் எரர்'. அதற்குப் பிறகு அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஐந்து வருஷம் உழைத்த கேமரா. எந்தக் கம்பெனி என்று சொல்லத் தேவையில்லை, தப்பு என்னுடையது. முந்தின வாரம்தான் மணல் ஒட்டிய துண்டோடு அதையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தேன். நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு 'பார்ட்ஸ் வராது' என்று திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு திருகாணிகளைக் காணோம்.

அதுவரை கேமரா என்றால் எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம் என்றுதான் பார்ப்பேன். அதற்கப்புறம் ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. நம்ம ஊர்க் காற்றில் இதைத் தைரியமாக வெளியே எடுக்க முடியுமா? கன்னியாகுமரி மாவட்டத்தில் கடற்கரைக்குப் போனால் உப்பு, மேற்கே ரப்பர் தோட்டங்களுக்குப் போனால் ஈரம், ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றில் புழுதி. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் வேறு.

2017-இல் செகண்ட் ஹேண்டில் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 வாங்கினேன். 2014-இல் வந்த மாடல். இன்றுவரை என் பேண்ட் பாக்கெட்டில் இருப்பது அதுதான். 2021-இல் துபாயிலிருந்து வந்த மச்சான் ஒலிம்பஸ் டிஜி-6 கொண்டுவந்தான். சித்தப்பா மகளிடம் கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2 இருக்கிறது. சில நேரம் அது என் கைக்கும் வரும். போன வருஷம் ஒரு நண்பனின் ரிக்கோ ஜிஆர் 3-ஐ மூன்று வாரம் இரவல் வாங்கி வைத்திருந்தேன். இந்த நாலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் தோவாளை. விடிவதற்கு முன்னால் பூச்சந்தைக்குப் போனால் கேமராவின் சாயம் வெளுத்துவிடும். குண்டு பல்பும் எல்இடியும் கலந்த வெளிச்சம், தார்ப்பாய் நிழல், நடுவே மலைமலையாக வெள்ளைப் பிச்சிப்பூ. பழைய கேமராவில் எடுத்த படங்களில் பூக்குவியல் எல்லாம் ஈரச் சுண்ணாம்பு மாதிரி குழைந்து கிடக்கும், இதழ் எது நிழல் எது என்று தெரியாது. காரணம் சென்சார், அதாவது உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு. சாதாரண சின்ன கேமராவின் 1/2.3 இன்ச் சென்சாருக்குப் பரப்பு 28 சதுர மி.மீ. சுமார்தான். சோனியிலும் கேனனிலும் இருக்கும் '1 இன்ச்' சென்சாருக்கு 116. ரிக்கோவின் ஏபிஎஸ்-சி சென்சாருக்கு ஏறத்தாழ 366. (1 இன்ச் என்று பெயர்தானே தவிர அளந்தால் 13.2க்கு 8.8 மி.மீ. தான் வரும். பழைய டிவி கேமராக் குழாய் காலத்து அளவை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.) இதோடு லென்ஸின் வாயையும் சேர்த்துப் பாருங்கள். பழையது எஃப் 3.3, சோனி எஃப் 1.8 (இந்த எண் குறையக் குறைய வாய் பெரிது). மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வருகிறது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600, ஷட்டர் 1/60 விநாடி வைத்தால் பூக்கட்டும் பெண்ணின் விரலும் நாரும் தனித்தனியாகத் தெரிகின்றன.

பூச்சந்தையில் இன்னொன்றும் படித்தேன். பிரேம் முழுக்க வெள்ளைப் பூவாக இருந்தால் கேமரா 'இங்கே வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து இருட்டாக்கிவிடும். பிச்சி சாம்பல் நிறத்தில் வரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 ஏற்றினால் சரி. சோனியின் லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கு இந்த வேலையைக் கொடுத்துவிட்டேன். மெனுவுக்குள் போய் நோண்டாமல் இடது கையால் திருகினால் போதும். எட்டு வருஷத்தில் நான் அதிகம் தொட்டது ஷட்டர் பொத்தானுக்கு அடுத்து இந்த வளையத்தைத்தான். ஒரு தடவை இப்படித் திருகிக்கொண்டே நின்றபோது ஒரு பாட்டி, "மக்களே, பூ வாங்குவியா, இல்ல போட்டோ மட்டும்தானா?" என்று கேட்டார். நூறு கிராம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூம் விஷயத்தில் சோனி கஞ்சன். 24 முதல் 70 மி.மீ. வரைதான் (இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்). கன்னியாகுமரிக் கரையில் நின்று 133 அடி வள்ளுவர் சிலையை 70 மி.மீ.யில் எடுத்தால், படத்தின் உயரத்தில் சிலை ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் வருகிறது. மீதி கடலும் வானமும். கேனனின் 100 மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. செத்துப்போன பழைய கேமராவில் வள்ளுவரின் முகத்தையே பிடித்துவிடலாம், அது உண்மை. ஆனால் அந்த முகத்தைப் பத்துப் பதினைந்து தடவை எடுத்திருப்பேன், எல்லாம் கடல் ஆவியில் கலங்கிய ஒரே படம். 70-க்கு வந்தபிறகு சிலையோடு படகையும், 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தையும், கரையில் கிளிஞ்சல் மாலை விற்பவரையும் சேர்த்து எடுக்கப் பழகிவிட்டேன். ஆனாலும் சுசீந்திரம் குளத்துக்குப் பறவை வரும் மாதங்களில் 70 மி.மீ.யை வைத்துக்கொண்டு நிற்பது வெறுங்கையோடு பந்தியில் நிற்பதுபோலத்தான். பறவை எடுக்க ஆசைப்படுகிறவர்கள் 1 இன்ச் பக்கம் வரும் முன் யோசியுங்கள்.

கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல், அதாவது வியூஃபைண்டர், வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு நடந்து பாருங்கள், நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம், தலைக்கு நேரே வெயில். கேனனின் திரையும் சரி, போனின் திரையும் சரி, வெறும் கண்ணாடிதான்; அதில் என் முகம்தான் தெரிகிறது. தங்கச்சி குத்துமதிப்பாக எடுத்துவிட்டு, "அண்ணா, வந்திருக்கான்னு பாரு" என்று நிழலுக்கு ஓடினாள். சோனியில் பக்கவாட்டுப் பொத்தானைத் தள்ளினால் மூலையிலிருந்து வியூஃபைண்டர் எழும்பி கேமராவும் ஆன் ஆகிவிடும். அப்புறம் கண் வைக்கும் பகுதியை வெளியே இழுக்க வேண்டும். இரண்டு வேலை. ஆனால் இந்த வெயிலில் அது இல்லாமல் முடியாது. அதே தங்கச்சி கல்யாண வீட்டில் என்னை ஜெயித்துவிடுவாள். கேனனில் தொடுதிரை உண்டு, முகத்தின் மேல் விரலை வைத்தால் அங்கே ஃபோகஸ். என் சோனியில் தொடுதிரை கிடையாது. நான் பொத்தானை அமுக்கி ஃபோகஸ் கட்டத்தை நகர்த்தி முடிப்பதற்குள் மாலை மாற்றி முடித்துவிடுகிறார்கள்.

சோனி, கேனன் இரண்டு கேமராவிலும் உள்ளேயே என்டி ஃபில்டர் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும். திற்பரப்பு அருவியில் நிழல் விழுந்த நேரம், எஃப் 11, ஃபில்டர் ஆன், கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்து இரண்டு விநாடி டைமர். ஷட்டர் கால் விநாடிக்கு இறங்கும், தண்ணீர் பஞ்சாக வரும். டிரைபாட் சுமக்க வேண்டாம்.

ரிக்கோவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, மூன்று வாரம்தான். கொடுக்கும்போதே நண்பன், "மக்கா, கடற்கரைக்கு மட்டும் கொண்டுபோகாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். மணலோ தண்ணீரோ புகாதபடி அதற்கு அடைப்பு கிடையாது. ஜூம் இல்லை, ஃபிளாஷ் இல்லை, ஒரே 28 மி.மீ. எடை 257 கிராம். பேட்டரியைக் கம்பெனியே 200 படம் என்றுதான் கணக்கு சொல்கிறது, சோனிக்கு 320. ஆனால் வடசேரிச் சந்தையில் அதைப் பிடித்துக்கொண்டு நடந்த இரண்டு காலைகளை மறக்க முடியாது. 'ஸ்னாப் ஃபோகஸ்' என்று ஒன்று. தூரத்தை 2 மீட்டர் என்று முன்பே வைத்துவிட்டு, எஃப் 5.6-இல் பொத்தானை ஒரே அமுக்காக அமுக்கினால் ஃபோகஸ் தேடாமல் உடனே எடுத்துவிடும். சுமார் 1.2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை எல்லாம் தெளிவு. மரச்சீனிக் கிழங்கைத் தராசில் தூக்கிப் போடுகிறவரின் கை காற்றில் இருக்கும்போதே படம் விழுந்திருந்தது. என் சோனி அந்த நேரத்தில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்.

இனி டிஜி-6. மச்சான் கொண்டுவந்தபோது எனக்குப் பெரிய மரியாதை இல்லை. 12 மெகாபிக்சல், மறுபடியும் அதே குட்டி சென்சார். தோவாளையில் வைத்துப் பார்த்தேன், பழைய குழைந்த பூதான் வந்தது, கொஞ்சம் பரவாயில்லை அவ்வளவே. ஆனால் இதன் லென்ஸ் வெளியே நீளாது. ஜூம் முழுக்க உடம்புக்குள்ளேயே நடக்கிறது. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும். மணக்குடிப் பக்கம் கரைமடி வலை இழுக்கும்போது இடுப்பளவு தண்ணீரில் கயிறு பிடிக்கிறவர்களோடு நின்று எடுத்தேன். அலை அடித்து கேமராவும் நானும் முழுகினோம். எழுந்து அடுத்த படம். போனைத் தொட்டால் ஈர விரலை அது மதிக்காது, இதில் எல்லாம் பொத்தான்.

மைக்ரோஸ்கோப் முறை இன்னொரு உலகம். லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரம் வரை போகலாம். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்த காலையில், வெட்டுவாயிலிருந்து ஊறும் பாலை எடுத்தேன். மரப்பட்டையின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவு சொட்டுகள் வரிசையாகத் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து வழிகின்றன. ஒரு சொட்டின் வளைவில் தலைகீழாக என் தொப்பியும் தெரிந்தது. ஆயிரம் தடவை பார்த்த மரம், இதைப் பார்த்ததில்லை.

கடலுக்குப் போய் வந்தால் வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து அதில் இதைக் கொஞ்ச நேரம் ஊறவைப்பேன். பேட்டரிக் கதவைத் திறக்கும் முன் துடைத்து உலர்த்த வேண்டும். ரப்பர் வளையத்தில் ஒரு முடியோ மணலோ இருந்தால் அடுத்த தடவை தண்ணீர் உள்ளே.

சோனிக்கு வேறு வைத்தியம். மணவாளக்குறிச்சிக் கடலோரத்து மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கானோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. கார்னெட் உப்புத்தாள் செய்யும் கனிமம், கண்ணாடியைவிடக் கடினம். வேட்டி நுனியால் லென்ஸைத் துடைப்பது அதை உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் ரப்பர் பம்ப்பால் ஊதுவேன், அப்புறம்தான் துணி. கேமராவை அணைக்கும் முன்பும் நீண்ட லென்ஸைச் சுற்றி ஒரு தடவை ஊதிவிடுவேன். இல்லையென்றால் மணலை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைக்கிறேன். அரிசிப் பானையில் போடச் சொல்கிறவர்கள் உண்டு. அரிசித் தவிட்டை லென்ஸுக்குள் தேட எனக்கு விருப்பமில்லை.

எல்லாம் சரி, போன் போதாதா? வெயிலும் வெளிச்சமும் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஆனால் போனை எடுத்தால் மூன்று மிஸ்டு கால், ஒரு குரூப் சண்டை. படம் எடுக்க வந்ததே மறந்துவிடும்.

இன்று இவற்றில் ஒன்றை வாங்குவதென்றால் பழையது தேடித்தான் பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்கும். கடலோரத்தில் வீடு, பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்குவீர்கள் என்றால் டிஜி-6. ஒரே கேமரா, எல்லா நேரமும் என்றால் என் ஓட்டு சோனிக்கு. கல்யாணமும் வீட்டு விசேஷமும்தான் அதிகம் என்றால் கேனன். ரிக்கோ சந்தைக்கும் தெருவுக்கும்.

விற்பவரிடம் ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்று கேட்பதைவிட, அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆன் செய்து, அணைத்து, முழு ஜூம் போய்த் திரும்பி, பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் கேமராவைக் காதோடு சேர்த்துப் பிடியுங்கள். நல்ல மோட்டார் வழுவழுவென்று முனகும். நடுவில் எங்கேயாவது அரிசியில் கல் கடிபடுகிற சத்தம் கேட்டால், விலை எவ்வளவு குறைத்தாலும் கேமராவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.