கணினிக்கு யூபிஎஸ்: ஆஃப்லைனா, லைன் இன்டராக்டிவா, ஆன்லைனா, இன்வெர்ட்டரா?

மின்சாரம் நின்றதும் தன் பேட்டரியிலிருந்து கணினியைச் சிறிது நேரம் ஓட வைக்கும் கருவிதான் யூபிஎஸ். அதைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்கள் இடத்தில் மின்சாரம் எப்படிக் கெடுகிறது? சில இடங்களில் மாதத்துக்கு ஒருமுறை முழுதாகப் போய், ஒரு மணி நேரம் கழித்து வருகிறது. சில இடங்களில் போவதே இல்லை. ஆனால் அந்தி சாய்ந்தால் மின்னழுத்தம் இறங்கி விளக்குகள் மங்குகின்றன. வேறு சில இடங்களில் மின்சாரம் போன சில நொடிகளில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி, அதன் வேகம் ஒரு நிலைக்கு வரும்வரை எல்லாம் ஆட்டம் காண்கிறது. இந்த மூன்றுக்கும் மூன்று வேறு கருவிகள் வேண்டும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்), 1000 வி.ஏ. என்ற திறன் எண்கள் இதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

இதை நான் கற்றுக்கொள்ள ஒரு பேட்டரி செலவாயிற்று. என் முதல் யூபிஎஸ் ஆஃப்லைன் வகை. மின்தடை குறைவாகவும் மின்னழுத்த வீழ்ச்சி அதிகமாகவும் இருந்த வீட்டில் அதை வைத்திருந்தேன். மாலை ஆனதும் 'டக்' என்று பேட்டரிக்கு மாறும். சில நிமிடங்களில் மறுபடி 'டக்' என்று திரும்பும். இப்படியே இரவு முழுக்க. ஓராண்டு முடிவதற்குள், உண்மையான மின்தடை வந்த ஒரு நாளில், இரண்டு நிமிடம்கூடத் தாங்காமல் அடங்கிவிட்டது. கருவியில் பழுது ஏதும் இல்லை. அந்த வீட்டு மின்சாரத்துக்கு அது ஏற்றதல்ல, அவ்வளவுதான்.

மூன்று வகைகளும் உள்ளே செய்வது

ஆஃப்லைன் யூபிஎஸ்ஸில் சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஏறக்குறைய அப்படியே கணினிக்குப் போகிறது. பேட்டரி ஓரமாக மின்னேற்றம் பெற்றுக்கொண்டு காத்திருக்கிறது. மின்சாரம் நின்றதும் ரிலே என்ற ஒரு தானியங்கி சுவிட்ச் இணைப்பை மாற்றுகிறது. இதற்குப் பொதுவாக 4 முதல் 10 மில்லி வினாடி ஆகும். அந்த இடைவெளியில் கணினி அணைந்துவிடாதா என்று பலரும் அஞ்சுகிறார்கள். அணையாது. கணினியின் பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிகள் முழுச் சுமையிலும் ஏறத்தாழ 16 மில்லி வினாடி தாங்கும்படி வடிவமைக்கப்படுவது வழக்கம். சுமை குறைந்தால் இன்னும் கூடுதலாகத் தாங்கும். ஆக, மாறும் நேரத்தைப் பொறுத்தவரை மலிவான ஆஃப்லைன் கருவியே சாதாரணக் கணினிக்குப் போதும். அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மின்னழுத்தம் இறங்கினாலோ ஏறினாலோ அதற்குத் தெரிந்த ஒரே வழி பேட்டரிக்கு ஓடுவதுதான்.

லைன் இன்டராக்டிவ் வகை அந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. இதில் பல நிலைகள் கொண்ட ஒரு மின்மாற்றி இருக்கிறது. வரும் மின்னழுத்தம் குறைந்தால் உயர்த்தியும், கூடினால் தணித்தும் கொடுக்கிறது. பேட்டரியைத் தொடுவதே இல்லை. மின்சாரம் முழுதாகப் போனாலோ, திருத்த முடியாத அளவுக்குக் கெட்டாலோ மட்டும் ஆஃப்லைன் கருவியைப் போலவே சில மில்லி வினாடிகளில் பேட்டரிக்கு மாறுகிறது. நான் மேலே சொன்ன வீட்டில் இது இருந்திருந்தால் அந்தப் பேட்டரி இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கும்.

ஆன்லைன் வகையின் பாதையே வேறு. வருகிற மாறுமின்சாரத்தை (ஏசி) நேர்மின்சாரமாக்கி (டிசி), அதிலிருந்து புதிதாக ஒரு சுத்தமான மாறுமின்சாரத்தை எந்நேரமும் உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. பேட்டரி நடுவிலேயே இணைந்திருப்பதால் மாறும் நேரம் என்று ஒன்று கிடையாது. வரும் மின்சாரத்தின் அதிர்வெண் தடுமாறினாலும் வெளியே போவது தடுமாறாது. ஜெனரேட்டர் இருக்கும் இடங்களில் இதன் அருமை தெரியும். மற்ற இரண்டு வகைகளும் ஜெனரேட்டர் மின்சாரத்தை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுக்க முடியாமல் பேட்டரிக்கும் சுவருக்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும். இதற்கான விலையை ஆன்லைன் கருவி வெப்பமாகவும், விடாத மின்விசிறி இரைச்சலாகவும், இருமுறை மாற்றுவதில் வீணாகும் மின்சாரமாகவும் வாங்கிக்கொள்கிறது. சர்வர்கள் இருக்கும் தனி அறைக்கு இது சரி. படுக்கையறை மேசைக்கடியில் வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

விற்பனையாளர்கள் இந்தப் பெயர்களைத் தாராளமாகப் புழங்குவதால், விவரத் தாளில் ஐஇசி 62040-3 என்ற தர நிர்ணயத்தின் குறியீட்டைத் தேடுங்கள். விஎஃப்டி (VFD) என்றால் ஆஃப்லைன், விஐ (VI) என்றால் லைன் இன்டராக்டிவ், விஎஃப்ஐ (VFI) என்றால் ஆன்லைன். விளம்பரத்தைவிட இந்த இரண்டு மூன்று எழுத்துகளை நம்பலாம்.

அலையின் வடிவம்

வாங்கிய பின் பலர் திகைத்துப்போவது இந்த இடத்தில்தான். சுவர் மின்சாரம் வளைந்து வளைந்து செல்லும் சைன் அலை. மலிவான யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது அதைப் படிக்கட்டு வடிவில் போலியாக உருவாக்குகின்றன. பழைய பவர் சப்ளைகள் இதைப் பொருட்படுத்தவில்லை. இன்றைய நல்ல பவர் சப்ளைகளில் மின்திறன் காரணியைத் திருத்தும் சுற்று, அதாவது இழுக்கும் மின்னோட்டத்தை மின்னழுத்த அலையோடு ஒத்துப்போக வைக்கும் சுற்று, இருக்கிறது. படிக்கட்டு அலையின் வெற்று இடைவெளிகளில் அது தடுமாறுவதுண்டு. உறுமல் கேட்கலாம், ஒரே கணத்தில் மிகுதியான மின்னோட்டத்தை இழுத்து, யூபிஎஸ்ஸை 'அதிகச் சுமை' என்று அணைய வைத்துவிடலாம். கணினி வேலை செய்யாமல் சும்மா இருக்கும்போது சோதித்தால் எல்லாம் சரியாகத் தோன்றும். கிராபிக்ஸ் அட்டை முழு வேகத்தில் இருக்கும்போதுதான் வண்டவாளம் வெளிப்படும். புதிய மேசைக் கணினிக்குத் தூய சைன் அலை தரும் கருவியையே வாங்குங்கள் என்று நான் அழுத்தமாகச் சொல்வேன். மோடம், ரவுட்டர் போன்றவற்றுக்கு மட்டும் என்றால் படிக்கட்டு அலையே போதும்.

எவ்வளவு பெரியது, எவ்வளவு நேரம்

வி.ஏ. எண்ணை மறந்துவிட்டு வாட் எண்ணைப் பாருங்கள். 600 வி.ஏ. என்று விற்கப்படும் சிறு கருவி பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். அதே சமயம் உங்கள் பவர் சப்ளையின் மேல் 650 வாட் என்று இருப்பதைக் கண்டு மிரளவும் வேண்டாம். அது அதன் உச்ச வரம்பு. எழுத்து வேலை, கணக்கு வேலை செய்யும் கணினி திரையோடு சேர்ந்தே நூறு வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். விளையாட்டுக்கும் வீடியோ வெட்டுவதற்கும் ஆன கணினி அதைப் போல நான்கைந்து மடங்கு எடுக்கலாம். சுவரில் செருகும் ஒரு சிறு வாட் மீட்டரை வைத்து ஒரு நாள் அளந்துவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை. அளந்த உச்ச அளவு, யூபிஎஸ் தாங்கும் வாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கட்டும்.

ஓடும் நேரத்தைப் பற்றிய கணக்கு எல்லோரையும் ஏமாற்றுகிறது. சிறு யூபிஎஸ்களில் பரவலாகக் காணப்படும் பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 84 வாட்-மணி. 200 வாட் சுமைக்கு 25 நிமிடம் வர வேண்டும் அல்லவா? புதிய பேட்டரியிலேயே பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் வரும். காரணம், அந்த 7 ஆம்பியர்-மணி என்பது இருபது மணி நேரத்தில் மெதுவாக வடித்து அளந்தது. வேகமாக உறிஞ்சினால் ஈய-அமிலப் பேட்டரி தன்னிடம் உள்ளதில் பாதியைக்கூடத் தருவதில்லை. இதன் மறுபக்கம் நமக்கு நன்மை: சுமையைப் பாதியாக்கினால் நேரம் இரு மடங்குக்கும் மேலாகக் கூடுகிறது. மின்தடை வந்ததும் இரண்டாவது திரையை அணைப்பது வீண் சிக்கனமல்ல.

இன்வெர்ட்டர் போதாதா?

மணிக்கணக்கில் மின்சாரம் போகும் இடங்களில் இந்தக் கேள்வி நியாயமானது. இன்வெர்ட்டருடன் வரும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கிறது. மேலே சொன்ன சிறு பேட்டரி அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆனால் இன்வெர்ட்டர் விளக்குக்கும் விசிறிக்கும் பிறந்தது. மாறும் நேரம் சாதாரண நிலையில் கணினி தாங்கும் அளவைத் தாண்டிவிடும். பல இன்வெர்ட்டர்களில் 'யூபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது; அதைப் போட்டால் விரைவாக மாறும், ஏற்கும் மின்னழுத்த எல்லையும் குறுகும். பலர் அந்தச் சுவிட்சைப் பார்த்ததே இல்லை. நீர் ஊற்றும் பேட்டரியாக இருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டம் பார்க்க வேண்டும். மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் காற்றோட்டமான இடமும் வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பேட்டரி தீரப்போகிறது என்று வழக்கமான இன்வெர்ட்டரால் கணினிக்குச் சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு இரண்டையும் சேர்ப்பது: நீண்ட நேரத்துக்கு இன்வெர்ட்டர், அதற்குப் பின்னால் கணினிக்கு மட்டும் ஒரு சிறு லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ். இன்வெர்ட்டர் தூய சைன் அலை தர வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். இல்லாவிட்டால் யூபிஎஸ் அதை மின்சாரமாகவே ஒப்புக்கொள்ளாமல் தன் பேட்டரியைத் தீர்த்துக்கொண்டிருக்கும்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. உள்ளேயே பேட்டரி இருக்கிறது. இணைய இணைப்பு அறுந்துபோகாமல் இருக்க, ரவுட்டருக்கு நேர்மின்சாரமே தரும் கையடக்க யூபிஎஸ் ஒன்று போதும்.

ஈயமா, லித்தியமா

மூடிய ஈய-அமிலப் பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும், குளிர்ச்சியாக இருந்தால். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. வெயில் விழும் சன்னலோரத்திலும் கணினியின் வெப்பக் காற்று வெளிவரும் இடத்திலும் அதை வைப்பது, கண்ணெதிரே ஆயுளைக் கரைப்பதுதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைந்தது. ஆயிரக்கணக்கான முறை மின்னேற்றி இறக்கலாம். வேகமாக உறிஞ்சினாலும் கொள்ளளவு அவ்வளவாகக் குறையாது. தினமும் மின்தடை என்றால் கூடுதல் விலைக்கு அது தகும். ஆண்டுக்கு நான்கைந்து முறைதான் என்றால் ஈயமே போதும்; அங்கே பேட்டரியை முதுமையாக்குவது பயன்பாடு அல்ல, காலம். ஈயத்துக்காகச் செய்த யூபிஎஸ்ஸில் லித்தியத்தைத் தாமாகவே மாற்றிப் பொருத்துவதை நான் ஏற்பதில்லை. மின்னேற்றும் முறை வேறு, மிச்ச நேரத்தைக் கணிக்கும் முறை வேறு. தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டுமே செய்யுங்கள்.

பெட்டியிலேயே கிடக்கும் கேபிள்

யூபிஎஸ்ஸோடு வரும் யுஎஸ்பி கேபிளைப் பெரும்பாலோர் பிரிப்பதே இல்லை. இதுதான் என்னை மிகவும் வருத்துவது. நீங்கள் மேசையில் இல்லாதபோது மின்சாரம் போனால், கேபிள் இல்லாத யூபிஎஸ் விபத்தைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுகிறது, தடுப்பதில்லை. கேபிளைச் செருகினால் விண்டோஸும் மேக்கும் பல யூபிஎஸ்களை மடிக்கணினி பேட்டரியைப் போலவே அடையாளம் கண்டுகொண்டு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் கோப்புகளை மூடி முறையாக அணைந்துகொள்ளும். லினக்ஸில் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கும் மற்ற கணினிகளுக்கும் வலையமைப்பு வழியாகச் செய்தி அனுப்பும். பல வட்டுகளில் கோப்புகளைச் சேமிக்கும் சேமிப்பகக் கருவி வைத்திருப்பவர்கள் இதை ஒருநாளும் தவிர்க்கக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் பாதியில் அணைவது அவற்றுக்குத்தான் பெருங்கேடு.

லேசர் அச்சுப்பொறியை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். தாளைச் சூடாக்கும் உருளை ஒரே கணத்தில் நூற்றுக்கணக்கான வாட்டை இழுத்துவிடும். யூபிஎஸ்ஸைப் பயன்படுத்தாமல் பரணில் வைப்பதானால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மின்னேற்றுங்கள். வெறுமையாகக் கிடக்கும் ஈயப் பேட்டரி மீண்டு வராது. உப்பிய பேட்டரியை அதே நாளில் அகற்றி, மறுசுழற்சிக்குக் கொடுங்கள். குப்பையில் போட்டால் ஈயமும் அமிலமும் மண்ணுக்குப் போகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையைச் சேமித்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். செருகியைப் பிடுங்க வேண்டாம், அது எர்த் இணைப்பையும் அறுத்துவிடும். சுவர் சுவிட்சை அணைத்தால் போதும். எத்தனை நிமிடம் தாங்கியது என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி யூபிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். அந்த எண் முதல் சோதனையில் வந்ததில் பாதியாக இறங்கிய வாரத்தில் புதிய பேட்டரிக்குச் சொல்லிவிடுங்கள்.