பூட்டிய கார்ட் கழற்ற மறுத்தால்: ஃபியூசரா, சோம்பல் யுமவுண்ட்டா?

கல்முனையிலோ மட்டக்களப்பிலோ லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்து படம் பிரிண்ட் போடுகிறவர்கள், கல்யாண வீட்டு எஸ்டி கார்டைச் செருகுமுன் அதன் ஓரப் பூட்டைக் கீழே தள்ளுவது நல்ல பழக்கம். பூட்டை மதிக்கும் ரீடரில் தவறிக்கூட ஒரு படம் அழியாது. ஆனால் கார்டை ஃபோல்டரிலிருந்து அவிழ்க்கும் 'யுமவுண்ட்' (umount) கட்டளையால் கழற்றப் போகையில் 'டார்கெட் இஸ் பிஸி' (இன்னும் யாரோ பயன்படுத்துகிறார்கள்) என்று வந்தால் பழி உடனே பூட்டின்மேல் விழுகிறது. பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. எழுதத்தான் தடை, வாசிக்க இல்லையே. பெரிய வீடியோவுக்குச் சின்னப்படம் தயாரிக்கும் புரோகிராமோ, அந்த ஃபோல்டருக்குள் நிற்கும் டெர்மினலோ ஒன்று போதும், கார்டை விடாது.

யார் பிடித்திருக்கிறார் என்று பார்க்க எல்எஸ்ஓஎஃப் (lsof), ஃபியூசர் (fuser) என இரண்டு கட்டளைகள். ஃபியூசருக்கு '-எம்' (-m) கொடுத்தால், பிடித்திருக்கும் புரோகிராம்களின் புரோசஸ் எண்களை வரிசையாகச் சொல்லிவிடும். என் ஓட்டு இதற்குத்தான், பார்ப்பதோடு நிறுத்தினால். '-கே' (-k) சேர்த்து அந்தப் புரோகிராம்களைக் கொல்லவும் முடியும், அங்கேதான் வில்லங்கம். கார்ட் ஏற்கெனவே கழன்றிருந்தால் அந்த ஃபோல்டர் மெயின் டிஸ்க்கின் வெறும் ஃபோல்டர்தான். '-எம்' அதற்குப் பிறகு மெயின் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் எல்லாரையும் எண்ணும். அப்போது '-கே'யை ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, அடித்தால் கம்ப்யூட்டரே படுத்துவிடும். பெரிய எழுத்து 'எம்' (-M) ஒன்றையும் சேர்த்தால், அந்த ஃபோல்டர் கார்ட் இணைந்த (மவுண்ட் ஆன) இடமாக இல்லாதபோது ஃபியூசர் கைவைக்காது.

'யுமவுண்ட் -எல்' (umount -l) என்பது சோம்பல் வழி. ஃபோல்டரோடு இருந்த தொடர்பை உடனே அவிழ்த்துவிட்டு, மீதியைப் பிடித்தவர்கள் விட்ட பிறகு முடிக்கும். இதைக் கூடவே கூடாது என்று சொல்வார்கள். நீங்களே பூட்டிய கார்டுக்கு அந்தப் பயம் வேண்டாம். எழுத எதுவும் பாக்கியில்லை, இழக்கவும் இல்லை. '-எஃப்' (-f) பக்கம் போகாதீர்கள், லினக்ஸில் அது முக்கியமாக எட்டாமல் போன நெட்வொர்க் டிஸ்க்குக்கு. மேக்கில் சோம்பல் வழி கிடையாது, 'டிஸ்க்யூட்டில் அன்மவுண்ட் ஃபோர்ஸ்' (diskutil unmount force) உண்டு.

டெஸ்க்டாப்பில் 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அழுத்துவது லேசு. ஆனால் யுஎஸ்பி ரீடரில் அது பல நேரம் ரீடரையே அணைத்துவிடும். அடுத்த வாடிக்கையாளர் கார்டை நீட்டினால், ரீடரைக் கழற்றி மறுபடி செருகாமல் அது தெரியாது. வரிசையில் ஆள் நிற்கும் கடைக்கு வெறும் யுமவுண்ட்தான் சரி.

இதுவரை சொன்னது நீங்கள் பூட்டிய கார்டுக்கு. தானாகப் பூட்டிக்கொண்ட பென் டிரைவ் வேறு கதை. ஃபிளாஷ் தேய்ந்து போனால் சில டிரைவ்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு வாசிக்க மட்டும் விடும். காப்பி பாதியில் இருக்கும்போது இது நடந்தால், மெமரியில் காத்திருக்கும் தரவு டிரைவில் இறங்காது. இங்கே சோம்பல் வழி அந்தப் பிழையை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடும், ஆகவே வேண்டாம். வெறும் யுமவுண்ட்டை அடித்துப் பொறுத்திருங்கள், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜில் (dmesg) ஐஓ எரர், அதாவது வாசிப்பு-எழுத்துப் பிழை, வருகிறதா பாருங்கள். மறுபடி செருகும்போது 'ரைட் புரொடெக்ட் இஸ் ஆன்' என்று வந்தால் அனுமதி மாற்றும் சிஎச்மோடு (chmod) எல்லாம் வீண் வேலை. மூல ஃபைல் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்ததோ, அங்கேயிருந்து வேறு டிரைவுக்குக் காப்பி எடுங்கள். பழையதில் வாசிக்கக் கிடைப்பதையும் அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள்.