செபென்சா: சின்னதா பெரியதா, 21ஆ 31ஆ?

கிறிஸ் ரீவ் செபென்சா வாங்குவதென்று ஒருவர் தீர்மானித்துவிட்டால், 'ஒரு மடக்குக் கத்திக்கு இவ்வளவு பணமா' என்ற மனப்போராட்டம் அத்தோடு முடிந்துவிடும். அப்புறம்தான் உண்மையான குழப்பம் ஆரம்பிக்கும். சின்னதா பெரியதா, பிளேடின் வடிவம் டிராப் பாயிண்டா இன்சிங்கோவா டாண்டோவா, வெறும் டைட்டேனியம் பிடியா மரம் பதித்ததா, புதிய மாடலான 31ஆ, யாரோ புழங்கிய முந்தைய மாடல் 21ஆ, பேசாமல் அதே நிறுவனத்தின் இன்னொரு கத்தியான இன்கோசிக்கே போய்விடலாமா. ஒவ்வொன்றுக்கும் வக்காலத்து வாங்க ஆள் இருக்கிறது.

என்னிடம் சின்ன 21 நெடுநாளாக இருக்கிறது. டிராப் பாயிண்ட், வெறும் டைட்டேனியம், எஸ்35விஎன் எஃகு. பிறகு பெரிய 31 வந்து சேர்ந்தது. இன்சிங்கோ பிளேடு, மிகார்ட்டா (துணி அடுக்குகளைப் பிசினில் அழுத்திச் செய்த பொருள்) பதித்த பிடி, எஸ்45விஎன் எஃகு. பல வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிகிறேன். அட்டைப் பெட்டி, கயிறு, பழம், பிளாஸ்டிக் உறை என்று எல்லோரும் வெட்டுவதைத்தான் நானும் வெட்டுகிறேன். என் அபிப்பிராயம் இதுதான்: அளவும் பிளேடின் வடிவமும் தினமும் கையில் தெரியும். மற்றவை எல்லாம் வாங்கிய முதல் மாதத்துச் சந்தோஷம்.

முதலில் அளவு. பெரியதன் பிளேடு ஏறக்குறைய 92 மில்லிமீட்டர், எடை 130 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. சின்னது 75 மில்லிமீட்டர், 85 கிராம். தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. ஜீன்ஸ் போட்டிருந்தால் பாக்கெட்டிலும் தோன்றாது. மெல்லிய துணி பேன்ட்டில் பெரியது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும், உட்காரும்போது தொடையில் குத்தும். சின்னது இருப்பதே மறந்துபோகும்.

வேலை என்று வந்தால் கதை மாறுகிறது. பெரியதில் நான்கு விரலும் பிடிக்குள் அடங்குகின்றன. சின்னதில் என் சுண்டுவிரல் பாதிதான் உள்ளே, மீதி வெளியே தொங்கும். ஒரு பெட்டியைப் பிரிப்பதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. வீடு மாற்றிய பிறகு மலைபோல் குவிந்த அட்டைகளைக் கிழித்துப் போடும் நாளில், சின்னதன் பிடி உள்ளங்கையில் ஓரிடத்திலேயே அழுத்தி வலிக்க ஆரம்பித்துவிடும். கையுறை போட்டு வேலை செய்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், பெரியதுதான். இன்னொன்று, சில ஊர்களில் பிளேடின் நீளத்துக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. சின்னது மூன்று அங்குலத்துக்குள் நின்றுவிடுவதால் பல இடங்களில் சிக்கல் குறைவு. எதற்கும் உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிளேடு வடிவத்துக்கு வருவோம். டிராப் பாயிண்ட்டில் கத்தி வாய் நல்ல வளைவோடு முனைக்கு ஏறும். தோல் சீவ, இழுத்து அறுக்க, பலகையில் வைத்து ஆட்டி நறுக்க, எல்லாவற்றுக்கும் சுமாராக ஒத்துவரும். இன்சிங்கோவில் வாய் கிட்டத்தட்ட நேர்கோடு, முனைக்குப் பக்கத்தில் மட்டும் லேசான வளைவு. முதுகு முன்பக்கம் சரிந்து இறங்குவதால் முனை தாழ்ந்து நிற்கும். இதன் அருமை பார்சல் பிரிக்கும்போதுதான் தெரியும். டேப்பின் மேல் முனையை வைத்து இழுத்தால், எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது ஆள்காட்டி விரலுக்கே தெரிகிறது. உள்ளே இருக்கும் பொருளில் கீறல் விழுவதில்லை. டிராப் பாயிண்ட்டில் அதே வேலைக்கு மணிக்கட்டை உயர்த்த வேண்டியிருக்கிறது.

தீட்டும்போதும் இன்சிங்கோவுக்குத்தான் என் ஓட்டு. நேரான வாய் என்பதால் கல்லின் மேல் ஒரே கோணத்தில் தள்ளிக்கொண்டே போகலாம். டிராப் பாயிண்ட்டில் வளைவு தொடங்கும் இடத்தில் கையைத் தூக்கியாக வேண்டும். அங்கேதான் கோணம் பிசகி முனை உருண்டையாகும். டாண்டோவை நான் வைத்துப் புழங்கியதில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் எந்த வடிவத்தை எடுத்தாலும் மாறாது. செபென்சாவின் பிளேடு இருபுறமும் உட்குழிவாகச் சீவப்பட்டது. வாய்க்கு அருகே மெலிந்திருக்கும், முதுகில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம். காகிதமும் கயிறும் சொன்னபடி கேட்கும். ஆப்பிளை நறுக்கிப் பாருங்கள்: முதல் பாதி வெண்ணெய் மாதிரி இறங்கும், அப்புறம் கனமான பகுதி உள்ளே புகும்போது 'டக்' என்று பழம் பிளந்து இரண்டு பக்கமும் விழும். நறுக்கியது போல இருக்காது, உடைத்தது போல இருக்கும். சமையலறைக்கென்று இதை வாங்குகிறவர்கள் மெல்லிய பிளேடு வைத்த வேறு எதையாவது பார்ப்பது நல்லது.

21, 31 விவகாரத்தில்தான் பேச்சு அதிகம். 21 வந்தது 2008இல், 31 வந்தது 2019 இறுதியில். இரண்டிலும் பூட்டின் அடிப்படை ஒன்றே: டைட்டேனியம் பிடியின் ஒரு பக்கத்தையே வெட்டி ஸ்பிரிங் போல வளைத்து, பிளேடு திறந்ததும் அது உள்ளே வந்து அடிப்பகுதியைத் தாங்கி நிற்கும். இன்று எத்தனையோ கத்திகளில் பார்க்கும் இந்த அமைப்பைக் கொண்டுவந்தவர் கிறிஸ் ரீவ்தான். 21இல் பூட்டின் நுனியைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். டைட்டேனியம் நேராக எஃகைத் தொடும். 31இல் நுனியில் ஒரு சின்ன செராமிக் குண்டு. மூடிய நிலையில் பிளேடைப் பிடித்து வைத்திருப்பதும், திறந்த நிலையில் முட்டுக்கொடுப்பதும் அதே குண்டுதான். தேய்மானம் குறையும், ஒட்டிக்கொள்ளும் குணமும் குறையும் என்பது இதன் கணக்கு. கையில் தெரிவது வேறு: 31இன் 'டிக்' கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். 21 அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. வேலை செய்யும்போது எனக்கு இதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

தெரிகிற மாற்றம், யாரும் அவ்வளவாகப் பேசாத கிளிப், அதாவது கத்தியைப் பாக்கெட்டின் ஓரத்தில் மாட்டும் கொக்கி. 21இல் கிளிப் பூட்டுப் பகுதியின் மேலேயே வந்து உட்காரும். கட்டைவிரலால் திறக்கும்போது மற்ற விரல்கள் இயல்பாகப் போய் கிளிப்பின் மேல் படியும். அந்த அழுத்தம் பூட்டுக்குப் போய், மூடிய பிளேடை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். 'திறக்கவே மாட்டேன் என்கிறது' என்று புதிதாக வாங்கியவர்கள் அலுத்துக்கொள்வதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். விரல் நுனிகளைப் பூட்டின் மேல் படியாமல், பிடியின் ஓரத்தில் வைத்துத் திறந்து பாருங்கள், வழுக்கிக்கொண்டு வரும். 31இல் கிளிப்பைச் சாய்த்து, அதன் முனை பூட்டைத் தொடாமல் நகர்த்திவிட்டார்கள். கையைப் பழக்க வேண்டிய தேவை பெரும்பாலும் போய்விட்டது. 21க்கும் 31க்கும் நடுவே நான் காசு கொடுக்கத் தயாரான வித்தியாசம் இது ஒன்றுதான்.

இரண்டுக்கும் பொதுவான இன்னொரு நல்ல குணம் பிவட், அதாவது பிளேடு சுழலும் அச்சு. பிளேடின் துளைக்குள் ஒரு புஷிங் குழாய் இருக்கிறது. அது பிளேடையும் இரண்டு பாஸ்பர் வெண்கல வாஷர்களையும் சேர்த்த கனத்தைவிட ஒரு மயிரிழை நீளம். திருகை முழுவதுமாக இறுக்கினால் இறுக்கம் குழாயின் மேல் போகும், பிளேடு சுதந்திரமாக ஆடும். கால் சுற்று இறுக்கு, அரைக்கால் சுற்று தளர்த்து என்ற வித்தையே வேண்டாம். இன்கோசியில் இந்தக் குழாய் இல்லை. அங்கே இறுக்கத்தை நீங்களே பார்த்து வைத்து, திருகுப் பசை போட வேண்டும். அதிலும் ஒரு சுகம் உண்டு, உங்களுக்குப் பிடித்த அளவில் வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுமை இல்லை.

கழற்றிச் சுத்தம் செய்ய அலன் கீ கத்தியோடே வருகிறது. வாஷரில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், கிரீஸ் அதில் தங்கும். பழைய கருத்த கிரீஸைத் துடைத்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்து மாட்டினால், முதல் சில தடவை கனமாக நகர்ந்து பிறகு பழைய நிலைக்கு வந்துவிடும். நிதானமாக, எண்ணெயில் மிதப்பது போல் திறக்கும் கத்தி இது. பால் பேரிங் வைத்த கத்திகளைச் சொடுக்கி விளையாடிப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

எஃகைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், எழுதத் தொடங்கினால் நிற்காது. பழைய 21களில் எஸ்30வி, பிறகு எஸ்35விஎன். 31 தொடக்கத்தில் எஸ்45விஎன், பின்னர் மேக்னாகட். இந்த நிறுவனம் நெடுங்காலம் தன் எஃகைக் கடினத்தன்மையில் கொஞ்சம் தாழ்வாகவே வைத்திருந்தது. கூர் நெடுநாள் நிற்பதைவிட வாய் உதிராமல் இருப்பதும் சட்டென்று தீட்ட முடிவதும் முக்கியம் என்ற எண்ணம். அட்டை வெட்டினால் என் 21 மழுங்கும், மறுக்கவில்லை. கல்லில் நாலு இழுப்பு, தோல் வாரில் நாலு இழுப்பு, திரும்பிவிடும். எஸ்45விஎன் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது என்று நினைக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் சொல்லத் தெரியாது. மேக்னாகட் 2021இல் வந்த எஃகு, வடிவமைத்தவர் உலோகவியலாளர் லேரின் தாமஸ். குரோமியம் கார்பனோடு சேர்ந்து கார்பைடு துகளாகக் கட்டிக்கொள்ளாமல் எஃகிலேயே கரைந்து நிற்பதால் துரு எதிர்ப்பு மிக நன்றாக இருக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள், வியர்வையில் எதையும் துருப்பிடிக்க வைக்கும் ராசிக்காரர்கள் இதற்காகப் புதியதை எடுக்கலாம். இந்த எஃகு எல்லாவற்றிலும் வனேடியம் இருப்பதால் வைரக் கல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

பிடியில் பதிப்பது முழுக்க முழுக்க ஆசை. என் மிகார்ட்டா கைப்பட்டுக் கைப்பட்டு நிறம் கருத்து அழகாகிவிட்டது, ஈரக் கையில் பிடிமானமும் கொஞ்சம் கூடுகிறது. வெறும் டைட்டேனியத்தில் சாவிக் கொத்து உரசிய இடமெல்லாம் பளபளப்பாகக் கோடு விழும். அந்தக் கோடுகள் வந்த பிறகுதான் கத்தியைப் பயமில்லாமல் எடுக்க முடிகிறது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் பூட்டு மறுபக்கம் வைத்த இடக்கை வடிவத்தையே கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கிறது, காத்திருந்தாலும் பரவாயில்லை.

ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் எடுப்பது சின்ன 31, இன்சிங்கோ, வெறும் டைட்டேனியம். வேடிக்கை என்னவென்றால் அது என்னிடம் இல்லை.

பழைய 21 நல்ல விலைக்கு வந்தால் தாராளமாக எடுக்கலாம், நாலைந்து விஷயம் பார்த்துக்கொண்டு. திறந்து பிடித்து, பூட்டு பிளேடின் அடியில் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மறுபக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். பிளேடை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. தீட்டித் தீட்டி வாய் பிடிக்கு அருகே உள்வாங்கியிருக்கிறதா, முனை மூடிய நிலையில் பிடிக்குள் முழுதாக மறைகிறதா என்பதையும் பாருங்கள். கடைசியாகத் திருகுத் தலைகள். அவை தேய்ந்து வட்டமாகியிருந்தால் பொருந்தாத அலன் கீயை வைத்து யாரோ மல்லுக்கட்டியிருக்கிறார்கள், உள்ளே புஷிங்கும் வாஷரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டே பணத்தை எடுங்கள்.