தொங்கு வாரா, பலகை வாரா? சவரக்கத்தி தீட்டப் பழக எது தோது

கல்லில் நன்றாகத் தீட்டப்பட்டு வந்த சவரக்கத்தி, பழகாத கையில் மூன்றாம் நாளே முகத்தை இழுக்கிறதென்றால் கல்லையும் எஃகையும் குறை சொல்வதில் பெரும்பாலும் பயனில்லை. வாரில், அதாவது கத்தியை உரசித் தீட்டும் தோல்பட்டையில், தீட்டிய விதம்தான் கூரைக் கெடுத்திருக்கும். எந்த வாரை வாங்குவது என்ற கேள்வியையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்: பழகும் காலத்தில் எந்த வார் எந்தத் தவறை மன்னிக்கும், எதை மன்னிக்காது?

சுத்தமான தோல் உலோகத்தை அரைத்தெடுப்பது மிகமிகக் குறைவு. சவரத்துக்குப் பின் கூரில் ஒட்டியிருக்கும் அழுக்கையும் துருவின் தொடக்கத்தையும் துடைத்து, நுனியில் லேசாகச் சாய்ந்த உலோகத்தை நேராக்கி மெருகேற்றுவதே அதன் வேலை. அதனால் வாரால் ஆகாத காரியமும் உண்டு. மனித முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மிருதுவானது. அப்படியிருந்தும், சாய்வாக வெட்டுப்படும்போது அது பிளேடின் கூரில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடுகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது கடையில் கிடைக்கும் ஒருமுறை பிளேடுகளைத்தான். ஆனாலும் பாடம் சவரக்கத்திக்கும் பொருந்தும். சாய்ந்ததை வார் நிமிர்த்தும், பெயர்ந்ததை ஒட்டவைக்காது. அதற்கு உலோகத்தை அரைக்கும் பேஸ்ட் அல்லது கல் வேண்டும்.

தொங்கு வார் என்பது ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைக் கையால் இழுத்துப் பிடிக்கும் தோல்பட்டை. பெரும்பாலும் பின்னால் ஒரு லினன் அல்லது பருத்திப் பட்டையும் சேர்ந்தே வரும். பலகை வாரில் தோல் ஒரு மரப்பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். மேசையில் வைத்தோ கைப்பிடியைப் பிடித்தோ தீட்டலாம். சட்டத்தில் பூட்டித் திருகால் இறுக்கும் மூன்றாம் வகையும் உண்டு. இறுக்கத்தை விருப்பப்படி வைக்கலாம் என்பதைத் தவிர பழகுபவருக்கு அதில் தனி லாபம் எதுவுமில்லை, எனவே அதை இங்கே விட்டுவிடலாம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே சொல்லில் அடங்கும்: தொய்வு. சவரக்கத்தியின் கூர்க்கோணம், இருபுறமும் சேர்த்து, ஏறக்குறைய 16 முதல் 18 பாகை. இதைக் கை தீர்மானிப்பதில்லை; முதுகும் கூரும் ஒரே சமயத்தில் தோலில் படிவதால் தானாக அமைகிறது. வார் தொய்ந்தால் கத்திக்குக் கீழே பள்ளம் விழுந்து, கூரைத் தாண்டியதும் தோல் மேல்நோக்கி வளைகிறது. அந்த வளைவில் உரசும் நுனி கொஞ்சம் கொஞ்சமாக உருண்டுவிடும். அழுத்தினாலும் இதே கதைதான்: மிருதுவான தோல் அமுங்கி, கூர் கடந்த இடத்தில் எழும்புகிறது. தொங்கு வாரில் தொய்வு, அழுத்தம் ஆகிய இரண்டு தவறுகளுக்கும் வழி திறந்திருக்கிறது. பலகையில் தொய்வுக்கு இடமே இல்லை, அழுத்தம் மட்டும்தான். பழகும் கைக்கு இது பெரிய சலுகை.

அப்படியானால் பலகைதான் சிறந்ததா? இல்லை. பலகை விட்டுக்கொடுக்காது. கத்தி கொஞ்சம் கோணியிருந்தாலோ, கூர் லேசாக வளைந்த வடிவில் இருந்தாலோ நடுப்பகுதி மட்டும் பட்டு முனையும் அடியும் படாமல் போகும். இழுத்துப் பிடித்த தொங்கு வாரில் ஓரளவு விட்டுக்கொடுப்பு இருப்பதால் கூரின் முழு நீளமும் தோலைத் தொடுகிறது. பலகை வார்கள் பலவும் நீளத்தில் குட்டை. ஒரு வீச்சுக்குக் குறைந்தது 30 செ.மீ. ஓட்டம் இல்லாவிட்டால் கை சூடு பிடிப்பதற்குள் திருப்ப வேண்டியதாகிறது. கூர் சேதமாவதும் வார் வெட்டுப்படுவதும் திருப்பும் இடத்தில்தான், ஓடும் வழியில் அல்ல. குட்டை வார் என்றால் அதே வேலைக்குக் கூடுதல் திருப்பங்கள், கூடுதல் ஆபத்து.

அந்தத் திருப்பத்தை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். கத்தியைப் பிடியோடு நேர்கோட்டில் திறந்து, அலகுக்கும் பிடிக்கும் இடையிலுள்ள கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடிக்க வேண்டும். முதுகு முன்னே செல்ல, கூர் பின்னே இழுபட்டு வர, கத்தி தோலில் படுத்தபடி ஓடுகிறது. வாரின் முனைக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். முழுமையாக நின்ற பிறகு, முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல், அதையே அச்சாக வைத்து விரல்களுக்கிடையில் கழுத்தை உருட்டினால் கூர் மேலே எழும்பி மறுபக்கம் வந்து படியும். உருள வேண்டியது விரலில், மணிக்கட்டில் அல்ல. மணிக்கட்டு சுழன்றால் முனை தூக்கிக்கொள்ளும். கூர் மறுபடி தோலைத் தொட்ட பின்புதான் திரும்பும் ஓட்டம். கூர் படியும் முன்பே கை கிளம்பிவிடுவதுதான் புதியவர்களின் நிரந்தர வியாதி. அந்தக் கணத்தில் கூர் செங்குத்தாகத் தோலில் இறங்கினால், வாரில் அரைவட்ட வெட்டு ஒன்று நிச்சயம், கூரும் போச்சு.

வேகம் தானாக வரும். முதல் சில வாரங்கள் ஒரு போக்குவரத்துக்கு (ஒருமுறை போய்த் திரும்புவதற்கு) மூன்று நான்கு விநாடி எடுத்தாலும் குறைவில்லை. காதைக் கொடுத்துக் கேளுங்கள்: போகும்போதும் வரும்போதும் ஒரே சத்தம் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் அந்தப் பக்கம் முதுகு தூக்கியிருக்கிறது, இல்லை கை அழுத்துகிறது. அழுத்தத்துக்கு அளவு கத்தியின் எடைதான். அதற்கு மேல், கூர் முழுக்கத் தோலில் படியத் தேவையான அளவுக்கு மட்டும் விரல் சேரலாம்.

அகலத்தில் குழப்பம் வேண்டாம். அலகின் நீளம் பொதுவாக 3 அங்குலத்தை ஒட்டி இருப்பதால் 3 அங்குல வாரில் நேராக இழுத்தாலே முழுக் கூரும் படும். 2 அங்குல வாரில் ஓடும்போதே கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தி, அடியில் தொடங்கி முனையில் முடிக்க வேண்டும். திரும்பும்போது அப்படியே மாற்றி, பெருக்கல் குறி போல். திருப்பமே கைவராதவருக்கு இது இரண்டாவது சுமை. ஒரு எச்சரிக்கை: அகலத் தோல் தரமில்லாததாக இருந்தால் நடுவில் குழிந்து ஓரங்கள் மேலெழும்பும். நேரான அளவுகோலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் தெரிந்துவிடும்.

தோலின் வகையைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். எண்ணெய் ஏற்றிப் பதனிட்ட மாட்டுத்தோலில் இழுவை அதிகம். குதிரையின் பிட்டப் பகுதியிலிருந்து எடுக்கும் கார்டோவன் தோல் வழுவழுவென்று ஓடும். இழுவை அதிகமென்றால் கூரும் அதிகம் என்று அர்த்தமில்லை, அது கையின் ருசி. பழகும் கட்டத்தில் நடுத்தர இழுவையுள்ள சாதாரண மாட்டுத்தோல் போதும். வெட்டுப்படப்போவது அதுதான், விலை உயர்ந்தது எதற்கு? பழைய இடுப்பு பெல்ட்டை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் மேல்பூச்சும் ஓரத் தையலும் கூருக்கு ஆகாது.

பேஸ்ட் விஷயத்தில் தீர்ப்பு தலைகீழாகிறது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு (சவரத்துக்குரியதன் துகள் பெரும்பாலும் 0.5 மைக்ரான்) உண்மையிலேயே உலோகத்தை அரைப்பது. அரைக்கும் பொருளைத் தொய்யும் தோலில் பூசினால் நுனி இன்னும் வேகமாக உருளும். எனவே பேஸ்ட்டுக்குப் பலகைதான்: ஒட்டிய தோலோ, எடை குறைந்த, மிருதுவான பால்சா மரம் வெறுமனேயோ. மெல்லிய கோடுகளாகத் தேய்த்துத் துணியால் பரப்பினால் போதும். பச்சை லேசாகத் தெரிந்தாலே அது தேவையான அளவு. கூர் மந்தமாகும்போது 5 முதல் 10 போக்குவரத்து, அதற்குப் பின் கத்தியைத் துடைத்துவிட்டுச் சுத்தமான தோல். துடைக்காமல் போனால் தொங்கு வாரிலும் பேஸ்ட் ஏறிவிடும், பிறகு அதை முழுவதும் எடுக்க முடியாது. வைரத்தூள் ஸ்ப்ரே இதைவிட வேகமாக அரைக்கும். ஆனால் அது விடும் கூர் தோலுக்குச் சற்று முரடாகப் படுவதாகப் பலரும் சொல்வார்கள்.

ஆக, இரண்டில் ஒன்று என்பதைவிட வேலைப் பங்கீடு என்பதே சரி: தினசரித் தீட்டலுக்கு 3 அங்குலத் தொங்கு வார், பேஸ்ட்டுக்குச் சிறிய பலகை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கத்தி நேராகவும் கை நடுக்கத்தோடும் இருப்பவர் நீளமான பலகையில் தொடங்கட்டும். பேஸ்ட்டை அதன் மறுபக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். திருப்பம் பழகிய பின் தொங்கு வாருக்கு மாறுவது கடினமில்லை. வாரை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஒரு குறிப்பு: கத்தி ஓடும்போது வார் அரை செ.மீ.க்கு மேல் தாழக்கூடாது.

தினசரி அளவு: சவரத்துக்கு முன் லினனில் 20, தோலில் 40 முதல் 60 போக்குவரத்து. சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவி, ஈரம் ஒற்றி, லினனில் ஒரு பத்து. கூரில் தங்கும் நீர்தான் மறுநாள் நுண்ணிய துருவாக மாறுகிறது. வாரில் வெட்டு விழுந்தால், எழும்பி நிற்கும் பிசிறை மெல்லிய உப்புத்தாளால் சமப்படுத்துங்கள்; மடல் போல் தூக்கியிருந்தால் ரப்பர் பசையால் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். ஓரத்திலுள்ள சின்ன வெட்டு பிசிறில்லாமல் இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். தோலுக்கு அடிக்கடி எண்ணெய் வேண்டியதில்லை, சுத்தமான உள்ளங்கையால் தேய்த்தாலே போதும்.

பத்து மடங்கு லென்ஸில் கூரை நேர் மேலிருந்து விளக்கடியில் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பாது. அங்கங்கே வெள்ளைப் புள்ளி மின்னினால் அது மழுங்கிய இடமோ சில்லோ. பேஸ்ட் பலகைக்குப் பின்பும் அந்தப் புள்ளி அப்படியே நின்றால் வாரை மாட்டிவிட்டுக் கல்லை எடுக்க வேண்டியதுதான்.