போர்ட் ஃபார்வர்டிங்: முகவரியை ரவுட்டரில் ஒதுக்குவதா, கருவியில் பதிப்பதா?

வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கேமராவுக்கோ சேமிப்பகத்துக்கோ திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் விதி, ஒரே ஓர் உள் ஐபி முகவரியை, அதாவது வீட்டு வலைப்பின்னலுக்குள் கருவியைக் குறிக்கும் எண்ணை, நம்பி நிற்கிறது. கருவிகளுக்கு முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி சேவை அந்த முகவரியை இன்னொரு கருவிக்குக் கொடுத்துவிட்டால், விதி மாறாதிருந்தும் இணைப்பு தவறான இடத்துக்குப் போய்விடும்.

இதற்கு முதல் வழி, ரவுட்டரில் கருவியின் மேக் முகவரியோடு (கருவியை அடையாளம் காட்டும் வன்பொருள் எண்) ஓர் ஐபியைப் பிணைத்து வைப்பது. கருவியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒதுக்கீடுகள் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். மேக் முகவரியை மாற்றிக்கொள்ளும் கைபேசிகளில் மட்டும் அந்த வசதியை நிறுத்த வேண்டும்.

மற்றொரு வழி, கருவியிலேயே ஐபி, சப்நெட் மாஸ்க் (வலைப்பின்னலின் எல்லை), கேட்வே (வெளியே செல்லும் வழியான ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றும் சேவை) ஆகியவற்றைக் கையால் பதிப்பது. டிஹெச்சிபி சேவை நின்றாலும் முகவரி நிலைக்கும் என்பது இதன் பலம். ஆனால் ரவுட்டர் 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை வழங்கிக்கொண்டிருக்கும்போது 192.168.1.120 என்று பதித்தால், அதே எண் வேறொரு கருவிக்கும் சென்று இரண்டும் மோதக்கூடும். விட்டுவிட்டு அறுபடும் இணைப்பின் காரணத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆகவே 192.168.1.20 போல, வழங்கும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருவிகள் கூடக்கூடப் பராமரிப்பு எளிதாக இருப்பதால், நான் ஒதுக்கீட்டையே பரிந்துரைப்பேன். டிஹெச்சிபி சேவையை நடத்தும் கருவிக்கு மட்டும் கைப்பதிவு கட்டாயம். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான பகுதியில் இருந்தால், சேவை நிறுவனம் பொதுமுகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். அப்போது இவ்விரு வழிகளில் எதைக் கையாண்டாலும் வெளி இணைப்பு உள்ளே வராது.